வேலி போட்டால் மட்டும் போதுமா? சிங்கமீன் வேட்டைக்கு ஆதரவாக

ஓர் இடத்தைச் சரணாலயம் என்று அறிவித்துவிட்டால் அதற்குள் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது நம்மில் பலருக்கு மனதில் ஊறிப்போன எண்ணம். நல்ல எண்ணம்தான். புலித்தோலைக் கூடத்துச் சுவரில் மாட்டிப் பெருமைப்பட்ட காலத்தையும் பார்த்தவர்கள் நாம். அது மாறி இப்படி ஓர் எண்ணம் வந்ததே பெரிய விஷயம். ஆனால் எந்த நல்ல எண்ணத்தையும் யோசிக்காமல் பிடித்துக்கொண்டால் அது பிடிவாதமாகிவிடும். அந்தப் பிடிவாதம், காக்க நினைத்த இடத்தையே காலி செய்துவிடும்.

அட்லாண்டிக் கடலிலும் கரீபியன் கடலிலும் பாதுகாக்கப்பட்ட பவளப்பாறைகளுக்குள் முக்குளிப்பவர்கள் ஈட்டியோடு இறங்கிச் சிங்கமீனைக் கொல்கிறார்களே, அது சரியா தவறா? என் பதில்: சரி. சரி மட்டுமல்ல, செய்தே ஆக வேண்டிய வேலை. ஆனால் ஈட்டி யார் கையில் இருக்கிறது, அவர் எந்த விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதில் நான் கறார்.

தூத்துக்குடியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஃபுளோரிடா மீனைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். மகள் அங்கே இருப்பதால் இரண்டு முறை போய் ஆறாறு மாதம் தங்கிவிட்டு வந்தேன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் முக்கியம். அந்த மீன் நம்ம கடல் மீன்.

ஆமாம். உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, பிடரிமயிர் மாதிரி விரிந்த துடுப்பு, முதுகில் நீள நீளமாக முள். சிங்கமீனுக்குச் சொந்த ஊர் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியும். நம்முடைய மன்னார் வளைகுடாப் பார்களிலும் உண்டு. இங்கே அது யாருக்கும் தொந்தரவு இல்லை. அதைத் தின்னவும், அதோடு போட்டி போடவும், அதைக் கண்டால் ஒதுங்கவும் தெரிந்த உயிர்கள் பல லட்சம் ஆண்டுகளாக அதோடு கூடவே வளர்ந்திருக்கின்றன. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதுவதைப் படித்துவிட்டு நம் தீவுப் பக்கம் போய் யாரும் சிங்கமீனைக் குத்த வேண்டாம். இங்கே அது வீட்டுக்காரன். அங்கேதான் அது அத்துமீறிப் புகுந்தது. புகுந்தது என்பதுகூடத் தப்பு. புகுத்தப்பட்டது.

1985இல் ஃபுளோரிடாவின் டேனியா பீச் கடற்பகுதியில் ஒரு சிங்கமீன் சிக்கியது. அட்லாண்டிக்கில் பதிவான முதல் சிங்கமீன் அதுதான். 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது கடலோரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உடைந்து ஆறு மீன்கள் கடலுக்குள் போய்விட்டன, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்று ஒரு கதை நீண்ட நாள் ஓடியது. கேட்க நன்றாக இருக்கிறது. புயல் மேல் பழியைப் போட்டால் மனிதர்கள் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் புயலுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே மீன் கடலில் இருந்திருக்கிறது. அழகுக்காக வாங்கி, வளர்க்க முடியாமல் போனதும் யாரோ கடலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அட்லாண்டிக் கூட்டம் முழுவதும் வெகு சில மீன்களின் வம்சம்தான் என்று மரபணு ஆய்வுகளும் சொல்கின்றன.

அதன் பிறகு பரவிய வேகத்தைப் பாருங்கள். 2000 வாக்கில் வட கரோலினா, 2004இல் பஹாமாஸ், 2007இல் கியூபா, 2009இல் ஃபுளோரிடா கீஸ் தீவுகளும் போனேர் தீவும், 2010இல் மெக்சிகோ வளைகுடா, 2014இல் பிரேசில். ஒரு பெண் மீன் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டை இடுகிறது. முட்டைகள் பசை மாதிரி உருண்டையாக மிதந்து நீரோட்டத்தில் போகின்றன. குஞ்சுகள் ஏறத்தாழ 26 நாள் மிதந்து, கிடைத்த பாறையில் குடியேறுகின்றன. உயிருள்ள சிங்கமீனை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஃபுளோரிடா தடை போட்டது எப்போது தெரியுமா? 2014இல். முதல் மீன் சிக்கி 29 ஆண்டுகள் கழித்து! திருடன் பேரன் பேத்தி எடுத்த பிறகு வாசற்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட கதை.

இந்த மீன் அங்கே என்ன செய்கிறது? ஓடி ஓடி வேட்டையாடுவதில்லை. துடுப்பை விசிறி போல விரித்து, சின்ன மீன்களை ஒரு மூலைக்கு ஒதுக்கி, லபக்கென்று விழுங்குகிறது. தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள மீனைக்கூட விழுங்கும். அந்த ஊர்ச் சின்ன மீன்களுக்கு இது எதிரி என்றே தெரியாது. பாட்டன் பூட்டன் காலத்தில் பார்த்திருந்தால்தானே பயம் வரும்?

பஹாமாஸில் சின்னச் சின்னப் பாறைத் திட்டுகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2008இல் வெளியானது. ஒரு திட்டில் ஒரே ஒரு சிங்கமீன். ஐந்து வாரத்தில், அங்கே புதிதாக வந்து சேர வேண்டிய உள்ளூர் மீன் குஞ்சுகள் 79 சதவீதம் குறைந்துவிட்டன. நியூ பிராவிடன்ஸ் தீவை ஒட்டிய பாறைகளில் 2008 முதல் 2010 வரை கணக்கெடுத்தபோது, சிங்கமீனுக்கு இரையாகும் 42 வகை மீன்களின் மொத்த எடை சராசரியாக 65 சதவீதம் இறங்கியிருந்தது. அந்த வயிற்றுக்குள் போவதில் சங்கராக் குஞ்சு உண்டு, களவாக் குஞ்சு உண்டு, பாறையில் பாசியை மேய்ந்து பவளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கிளிமீன் குஞ்சும் உண்டு. கிளிமீன் குறைந்தால் பாசி ஏறும். பாசி ஏறினால் பவளம் மூச்சுமுட்டும். பக்கத்து ஊர் மீனவனுக்கு வலை காலியாக வரும். அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு சரிவது மாதிரி.

சரி, இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் நிறைய.

முதல் வாதம், பாவம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார்: “அண்ணாச்சி, அந்த மீன் என்ன தப்பு பண்ணுச்சு? நீங்க கொண்டுபோய் விட்டுட்டு, நீங்களே ஈட்டியை எடுத்துட்டுப் போவீங்களா?” நியாயமான கேள்வி. மீன் மேல் தப்பே இல்லை. பசித்தது, தின்கிறது. பாவம் செய்தவன் தொட்டியைக் கடலில் கவிழ்த்தவன். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு கணக்கு முடிந்துவிடுமா? அந்த ஒரு மீனைக் கொல்லாமல் விடுவதால் சாகிற குஞ்சுகள் எந்தக் கணக்கில் வரும்? நம் கண்ணுக்கு முன்னால் ஈட்டி குத்துவது தெரிகிறது. மீன் வயிற்றுக்குள் நடப்பது தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சாவுக்கு நாம் பொறுப்பில்லை என்று நினைப்பது ஜீவகாருண்யம் இல்லை. வசதி.

அதைக் கண்ணாலும் பார்த்தேன். மகள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கமீன் பிடித்துக் கொண்டுவந்தவர்கள் மேஜை போட்டு மீனை அளந்தார்கள். முள்ளைக் கத்தரித்தார்கள். ஒரு மீனின் வயிற்றைக் கீறிக் காட்டினார்கள். விரல் நீளக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. இன்னும் நிறம்கூட மாறவில்லை. கூட நின்ற பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நண்பரின் கேள்விக்கு என் பதில் அந்த மேஜையில் இருந்தது.

இரண்டாவது வாதம், இயற்கை பார்த்துக்கொள்ளும். பெரிய களவா மீன்களைக் காப்பாற்றினால் அவை சிங்கமீனைத் தின்றுவிடும், மனிதன் தலையிட வேண்டாம் என்பார்கள். கேட்க இதமாக இருக்கிறது. கரீபியன் பகுதியில் 71 பாறைகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2013இல் எழுதினார்கள். உள்ளூர்ப் பெரிய மீன்கள் அதிகமா குறைவா என்பதற்கும் சிங்கமீன் எண்ணிக்கைக்கும் தொடர்பு தெரியவில்லை. பாதுகாக்கப்பட்ட இடங்களில் சிங்கமீன் குறைவாக இருந்தது. அங்கே நிர்வாகிகள் ஆளை இறக்கிப் பிடித்து எடுப்பதுதான் அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதாவது, வேலி காப்பாற்றவில்லை. வேலிக்குள் வேலை செய்த கைகள் காப்பாற்றின.

மூன்றாவது வாதம், முழுசாக ஒழிக்க முடியாது, பிறகு எதற்கு இந்தப் பாடு? உண்மைதான், ஒழிக்க முடியாது. சிங்கமீன் 300 மீட்டர் ஆழத்திலும் இருக்கிறது. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. மேலே எத்தனை எடுத்தாலும் கீழே இருந்தும் நீரோட்டத்திலும் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் தினமும் குப்பை சேர்கிறது என்பதற்காக வாசல் பெருக்காமல் விடுகிறோமா? முழுக்க ஒழிக்கத் தேவையே இல்லை என்பதற்கும் சான்று உண்டு. பஹாமாஸின் எலூத்திரா தீவில் 24 பாறைகளில் 18 மாதம் செய்த ஆய்வில், சிங்கமீனை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வைத்திருந்த பாறைகளில் உள்ளூர் இரை மீன்களின் எடை 50 முதல் 70 சதவீதம் வரை கூடியது. ஒன்றும் செய்யாமல் விட்ட பாறைகளில் மேலும் குறைந்தது. எல்லாக் கடலையும் காக்க முடியாது. தேர்ந்தெடுத்த பாறைகளைக் காக்கலாம். காக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத்தானே அவற்றைச் சரணாலயம் ஆக்கினோம்?

நான்காவது வாதம்தான் கனமானது. சிங்கமீனுக்கு என்று கதவைத் திறந்தால், அதே கதவு வழியாகக் களவாவும் சிங்கி இறாலும் வெளியே போகும். ஈட்டி எந்த மீன் என்று பார்க்காது. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு விதிவிலக்கு கிடைத்தால் அதற்குள் ஒட்டகம் நுழைந்த கூடாரம் ஆக்கிவிடுகிற மனிதர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதனால்தான் நான் கறார் என்று முதலிலேயே சொன்னேன்.

இங்கே இன்னொரு தரப்பையும் திட்டியாக வேண்டும். சிங்கமீன் கெட்ட மீன், யார் வேண்டுமானாலும் போய்க் குத்தலாம், கணக்கு வழக்கு இல்லை என்று நினைக்கிற வீரர்கள். கையில் ஈட்டியோடு படம் எடுத்துப் போட்டால் கடலைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பவர்கள். இவர்கள் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. தண்ணீருக்குள் உடம்பை நிதானமாக மிதக்க வைக்கத் தெரியாதவன் மீனைத் துரத்தும்போது காலால் பவளத்தை உடைக்கிறான். நூறு ஆண்டு வளர்ந்த பவளம் ஒரு உதையில் போய்விடும். பாறையோடு ஒட்டி நிற்கும் மீனைக் குத்தினால் ஈட்டி முனை பவளத்தில்தான் இறங்கும்.

தவறவிட்ட குத்து அதைவிடக் கெடுதல். சாதாரணமாகச் சிங்கமீன் ஆளைக் கண்டு ஓடாது, முள்ளை நம்பி அப்படியே நிற்கும். ஆனால் வேட்டை நடந்த பாறைகளில் அது பகலில் பொந்துக்குள் ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டது என்று பஹாமாஸில் கண்டறிந்திருக்கிறார்கள். அரைகுறை வேட்டைக்காரன் மீனைக் கொல்வதில்லை, மீனுக்குப் பாடம் நடத்துகிறான்.

இன்னொரு கூத்து, குத்திய மீனைச் சுறாவுக்கும் களவாவுக்கும் அஞ்சாளைக்கும் அங்கேயே ஊட்டுவது. பழக்கினால் அவையே சிங்கமீனைத் தின்னக் கற்றுக்கொள்ளும் என்று சாக்கு. அவை கற்றுக்கொள்வது வேறு: மனிதன் வந்தால் சாப்பாடு வரும். பிறகு வெறுங்கையோடு வருகிறவனையும் சுற்றிச் சுற்றி வந்து மோதும், கடிக்கும். தெருநாய்க்கு வாசலில் பிஸ்கட் போட்டுப் பழக்கிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையைத் துரத்துகிறது என்று புகார் சொல்வது போல.

அப்படியானால் எப்படித்தான் செய்வது? போனேர் தீவைப் பாருங்கள். கடலைக் காப்பதில் அவர்கள் பழைய ஆட்கள். 1971லேயே ஈட்டி மீன்பிடிப்பைத் தடை செய்துவிட்டார்கள். 1979இல் தீவைச் சுற்றிய கடலைப் பூங்கா ஆக்கினார்கள். 2009இல் சிங்கமீன் வந்தபோது, அவர்களும் தடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தடையை எடுத்தும் விடவில்லை. பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய தொண்டர்களுக்கு மட்டும், சிங்கமீனுக்கு மட்டும், அதற்கென்றே செய்த குட்டை ஈட்டியை அனுமதித்தார்கள். சில ஆண்டுகளில் கணக்கெடுத்தபோது, வேட்டை நடந்த இடங்களில் சிங்கமீன் எடை, நடக்காத இடங்களைவிட ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு குறைவாக இருந்தது. ஹோண்டுராஸின் ரோவதான் தீவிலும் பயிற்சி பெற்றவருக்கே உரிமம். ஃபுளோரிடா கீஸில் மீன்பிடிப்பே கூடாத சின்னச் சின்னப் பாறைப் பகுதிகளுக்குள் போகத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும்.

தடையை உடைக்காமல், அதில் ஒரு சின்ன வாசல் வைத்து, அந்த வாசலுக்குக் காவலும் வைப்பது. நிர்வாகம் என்றால் இதுதான். நம் ஊர்ச் சங்கு குளிப்பவர்களுக்கு இது புதிதில்லை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் சங்கை எடுக்கக் கூடாது என்ற விதியோடுதான் பல தலைமுறையாக இறங்கினார்கள். கடலுக்குள் கை போகலாம். அளவு தெரிந்த கை போக வேண்டும்.

ஆகவே என் கட்டளைகள் இவை. உரிமம் இல்லாதவன் ஈட்டியோடு இறங்கக் கூடாது. மிதக்கத் தெரியாதவனுக்கு உரிமம் கூடாது. குறி உறுதி இல்லை என்றால், பவளம் பக்கத்தில் இருக்கிறது என்றால், விட்டுவிட்டு வர வேண்டும். தனியாகப் போகக் கூடாது. மீனைத் துரத்தி ஆழத்துக்குப் போய்க் காற்று தீர்ந்தவனை மீன் காப்பாற்றாது. முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் 2, பின்துடுப்பில் 3 என்று 18 விஷமுள் இருக்கிறது. ஆகவே முள் துளைக்காத டப்பா வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரைமணி நேரமாவது அமிழ்த்திவிட்டு மருத்துவரிடம் போகத் தெரிந்திருக்க வேண்டும். பிடித்ததை எண்ணி, அளந்து, நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும். ஊட்டக் கூடாது, மேலே கொண்டுவர வேண்டும். விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. வெள்ளைச் சதை, நல்ல ருசி. கொன்றதை வீணாக்காமல் தின்பதும் ஒரு மரியாதைதான்.

முக்கியமாக, இது திருவிழா ஆகக் கூடாது. 2019இல் ஃபுளோரிடாவின் டெஸ்டின் ஊரில் நடந்த போட்டியில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கமீன் எடுத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒருநாள் கூத்துக்கு மீசை வைத்தால் போதாது. பரிசும் கைதட்டலும் இல்லாத மாதங்களிலும் மீன் முட்டையிடுகிறது. மாதாமாதம் அதே பாறைக்குப் போய், பத்து மீனை எடுத்து, கணக்கு எழுதிவிட்டு வருகிற ஆள்தான் எனக்குப் பெரியவர்.

நமக்கு இதில் பாடம் இல்லை என்று நினைக்காதீர்கள். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போய் உத்தரவு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள்ளேயே உண்ணிச்செடியை வெட்டி எடுக்கிறார்கள். காப்பகத்துக்குள் செடியை வெட்டலாமா என்று யாரும் கண்ணீர் விடவில்லை. மண்டபம் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, குருசடைத் தீவில் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள். அதைக் கையால் பிய்த்து எடுக்காமல் பூங்காவைக் காத்தோம் என்று எப்படிச் சொல்வது? செடிக்கும் பாசிக்கும் ஒப்புக்கொள்கிற மனது மீன் என்றதும் தயங்குகிறது. மீனுக்குக் கண் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. அழகாக இருந்ததால்தானே தொட்டிக்குள் வந்தது, தொட்டியிலிருந்து கடலுக்குள்ளும் போனது?

கடைசியாக, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிற தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய மீன் பெரிதாகிவிட்டால், பரீட்சை வந்து கவனிக்க ஆளில்லை என்றால், குளத்தில் விட்டால் புண்ணியம் என்று கொண்டுபோய் விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் சக்கர் மீன் அப்படித்தான் நம் ஏரி குளங்களுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அட்லாண்டிக்கில் முக்குளிப்பவர்கள் இன்று ஈட்டியோடு இறங்குவது, 40 ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ சிலர் ஒரு வாளித் தண்ணீரோடு கடற்கரைக்கு நடந்துபோனதால்தான்.